குண்டூசிக்கு ஒரு சார்ட்

காலை ஆறு மணிக்கு சிஸ்டர் பேனா மூடியைப் பல்லால் இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டால், அந்தத் தெருவில் உள்ள அத்தனை நாய்களும் எழுந்து நின்று வாலை ஒடுக்கிக்கொள்ளும். சரி, அத்தனை நாய்களும் இல்லை. ஒரே ஒரு நாய். அதுவும் எழுந்து நிற்பதில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, பார்த்தது போதும் என்று மூடிக்கொள்ளும். அதற்குள் சிஸ்டர் குனிந்து அதன் மூக்கைத் தொட்டு, "ஈரமா இருக்கு. நார்மல்" என்று தனக்குத்தானே சொல்லி, கூடத்துச் சுவரில் தொங்கும் அட்டையில் நேரத்தோடு எழுதி முடித்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டின் தலைமை நர்ஸ் அவர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். தெருவே 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறது. கட்டிய கணவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். ரப்பர் அடி வைத்த வெள்ளைச் செருப்பில் அவர் நடப்பது யாருக்கும் கேட்காது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார். வலிக்கிறது என்று அலறிக்கொண்டிருந்தவர்கள்கூட அவர் தலையைக் கண்டதும் தூங்குவதாக நடித்து, நடிப்பிலேயே நிஜமாகத் தூங்கிப்போனதுண்டு. வீட்டிலும் படுக்கை விரிப்பின் மூலைகளை ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இழுத்துச் செருகிவிடுவார். "போர்வைக்குள்ள காலை விடறதுக்கே மனு போட வேண்டியிருக்கு" என்பது கணவரின் நெடுநாள் குறை. அவர் தையல்காரர். முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறார்.

நாய்க்குப் பெயர் வைத்ததும் அந்தத் தையல்காரர்தான். வந்த நாளில் அது அவ்வளவு ஒல்லி, 'குண்டூசி' என்றார். பிறகு தெரு மெல்ல மெல்ல ஊசியைக் கழற்றிவிட்டு முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டது. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

நாயை வீட்டுக்குள் விடுவதற்கு முன்பே சிஸ்டர் எல்லைகளை வகுத்துவிட்டார். கட்டுப்போடும் வெள்ளை பிளாஸ்திரியைத் தரையில் நீளநீளமாக ஒட்டினார். சமையலறை வாசலில் ஒரு கோடு: அதைத் தாண்டக் கூடாது, அது ஐ.சி.யூ. படுக்கையறை வாசலில் ஒரு கோடு: அது ஆப்பரேஷன் தியேட்டர். சோபாவில் ஏற அனுமதி உண்டு. மாலை ஐந்து முதல் ஆறு வரை பார்வையாளர் நேரம். ஒரு சமயத்தில் ஒரு பார்வையாளர்தான் பக்கத்தில் உட்காரலாம். குண்டூசியும் சட்டத்தை மதிக்கிற பிராணிதான். சமையலறைக் கோட்டின் இந்தப் பக்கம் படுத்து, மூக்கை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளும்.

"மூக்கு உள்ள இருக்கு" என்பார் சிஸ்டர்.

"மூக்கு வந்துட்டா நாய் வந்ததா ஆயிடுமாம்மா? உடம்புல பெரும்பகுதி எங்க இருக்கோ அங்கதான் நாய் இருக்கு" என்பாள் மகள். அவள் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். அந்த வீட்டு நாய்க்கு வக்கீலும் அவளே.

மூன்று வேளையும் டூட்டி ஒப்படைப்பு நடக்கும். காலையில் சிஸ்டர் கிளம்பும்போது கணவரை அட்டை முன் நிறுத்தி, "நோயாளி ஆறு மணிக்கு முழிச்சாச்சு, நூத்தம்பது கிராம் சாப்பிட்டாச்சு, வெளிக்குப் போயாச்சு, மனநிலை நல்லா இருக்கு" என்று வாசிப்பார். "அதுக்கு என்னம்மா நோய்?" என்று கேட்டால், "இன்னும் தெரியல" என்பார். பிறகு கணவர் கையெழுத்துப் போட வேண்டும். மதியம் கணவர் தன் அப்பாவிடம், அதாவது சிஸ்டரின் மாமனாரிடம், ஒப்படைப்பார். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நாயைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளும்போதுகூட, "உள்ள போ, உள்ள போ, எடம் இருக்கு பார்" என்றுதான் தள்ளுவார். மாலையில் அவர் மகளிடம் ஒப்படைப்பார். நடுவில் நாய்க்கு யார் என்ன கொடுத்தாலும் நேரம், அளவு, கையெழுத்து மூன்றும் வேண்டும்.

இத்தனைக்கும் மேல் சிஸ்டருக்கு ஒரு வாக்கு உண்டு. வார்டில் புதிதாக வரும் நர்சுகளுக்கு முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார், வீட்டிலும் விரலை ஆட்டிச் சொல்வார்: "எழுதலன்னா நடக்கல!" மருந்து கொடுத்தேன், ஆனால் எழுத மறந்துவிட்டேன் என்கிற பேச்சே அவரிடம் செல்லாது.

குடும்பம் இந்த வாக்கை அப்படியே எடுத்துக்கொண்டது. சிஸ்டர் நினைத்த பக்கமிருந்து இல்லை, மறுபக்கமிருந்து. எழுதாவிட்டால் நடக்கவில்லை என்றால், நடந்ததை நடக்காததாக ஆக்க எழுதாமல் இருந்தால் போதுமே! ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுப் பேனாவைத் தொடாமல் இருப்பது மனசாட்சிக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. மூன்று பேரும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் கண்டுபிடித்தது மற்றவருக்குத் தெரியாது. அட்டையில் மட்டும் தினமும் முந்நூறு கிராம். ஒரு கிராம் கூடாது, குறையாது.

குண்டூசி ஊதத் தொடங்கியது. முதலில் கழுத்துப் பட்டையில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டார்கள். பிறகு பட்டையையே மாற்றினார்கள். படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்து யோசித்தது. சிஸ்டர் அட்டையைப் பார்ப்பார், நாயைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. அட்டை சொல்லாது. எனவே நாய்க்குள் ஏதோ கோளாறு.

இரண்டு மாத அட்டைகளையும் கோப்பில் போட்டுக் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"நாய் என்ன சாப்பிடும்னு கேட்டா, 'என்னத்தையோ திங்கும் டாக்டர்'னுதான் எல்லாரும் சொல்வாங்க. இப்படி ஒரு சார்ட்டை நான் பாத்ததே இல்ல சிஸ்டர். இதுக்கு மேல வேற எதுவும் குடுக்கறது இல்லியே?"

"எழுதலன்னா நடக்கல டாக்டர்."

அந்தக் குரலுக்கு மறுகேள்வி கேட்கும் டாக்டர் இதுவரை பிறக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். சாப்பாட்டைப் பாதியாக்கச் சொன்னார்கள். அன்று மாலையே சிஸ்டர் நூற்றைம்பதை எழுபத்தைந்தாக்கினார். தட்டின் நடுவில் காசு அளவு விழுந்த சாப்பாட்டைக் குண்டூசி பார்த்தது. பிறகு வீட்டாரை ஒவ்வொருவராகப் பார்த்தது. அந்தப் பார்வையைத் தாங்குகிற நெஞ்சு அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. பாதிச் சாப்பாட்டில் மூன்றே வாரத்தில் நாய் இன்னும் இரண்டு கிலோ ஏறியது.

டாக்டருக்குக் கவலை வந்துவிட்டது. "தைராய்டு சரியா இருக்கு. கொழுப்பு மட்டும் எகிறிக் கிடக்கு. ஸ்கேன்லயும் தெளிவா தெரியல. பட்டினி போட்டும் எடை ஏறுதுன்னா உள்ள கட்டி ஏதாவது இருக்கலாம் சிஸ்டர். திங்கட்கிழமை வயித்தைத் திறந்து பாத்துடலாம்."

ஆயிரம் பேரை ஆப்பரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போன கை அது. அன்று கோப்பின் நாடாவைக் கட்ட முடியாமல் மூன்று தரம் நழுவவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விடுப்பு விண்ணப்பம் எழுதினார். இருபத்திரண்டு வருடத்தில் அது அவருடைய மூன்றாவது விடுப்பு. முதலாவது மகள் பிறந்தபோது. இரண்டாவது மாமியார் இறந்தபோது. மை காய வைத்திருந்த தாளைக் கணவர் எட்டிப் பார்த்தார். 'காரணம்: நெருங்கிய உறவினருக்கு அறுவை சிகிச்சை' என்று இருந்தது.

அவர் முன்னறைக்குப் போய் மெஷின் முன் உட்கார்ந்தார். மிதிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை ஒப்படைப்புக்கு எல்லோரும் அட்டை முன் கூடினார்கள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து தண்ணிகூடக் கிடையாது. வயித்து முடிய நானே மழிச்சு விடறேன், அவங்க கைக்கு அது பயப்படும்" என்று வாசித்துக்கொண்டே வந்த சிஸ்டர், 'எடை' என்ற இடத்தில் நின்றுபோனார்.

"அம்மா, ஒரு சின்ன பாயின்ட்" என்றாள் மகள்.

"சொல்லு."

"தட்டுலேர்ந்து எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னுதான் ரூல். தட்டையே கீழ வெக்கலாமா கூடாதான்னு ஒண்ணும் சொல்லல."

"எந்தத் தட்டு?"

"என் தட்டு. சாப்பிட்டு முடிச்சதும் நக்கறதுக்கு வெப்பேன். சோறு கொஞ்சம் மிச்சம் இருக்கும்."

"கொஞ்சம்னா?"

"பாதி."

சிஸ்டர் கணவர் பக்கம் திரும்பினார். அவர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டினார், விரித்தார். "நான் குடுக்கறதில்ல சிஸ்டர். நான் பிஸ்கட் தின்னும்போது அது முழங்கால்ல தலைய வெச்சுப் பாக்கும். மனுஷனுக்கு எப்படித் தொண்டைல எறங்கும்? எனக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு."

"நீங்க எத்தனை திங்கறீங்க?"

"ஆறு."

"உங்களுக்குச் சக்கரை! உங்களுக்கு பிஸ்கட்டே கிடையாது!"

"என் சக்கரைக்கு அட்டை தனிதானே? அதுலயும் நான் எழுதல."

மாமனார் கூப்பிடாமலே பேசினார். "நான் ரொட்டியோட ஓரத்தை மட்டுந்தாம்மா. பல்லு இல்லாதவன் ஓரத்தை வெச்சு என்ன பண்றது?"

"தாத்தா, உங்களுக்கு ஓரம் வெட்டின ரொட்டிதானே வாங்கறோம்?" என்றாள் பேத்தி.

மாமனார் சற்று யோசித்தார். "அப்ப நடுவுல இருக்கறதைத்தான் குடுத்திருக்கேன்."

கூரை பறக்கும் என்று மூவரும் காத்திருந்தார்கள். பறக்கவில்லை. சிஸ்டர் முகத்தில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. கட்டி இல்லை, ரொட்டி! புது அட்டை ஒன்றை எடுத்து, தலைப்பில் 'தாமதப் பதிவு' என்று எழுதினார். வார்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு: விட்டுப்போனதைப் பின்னால் எழுதலாம், ஆனால் தாமதம் என்பதையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூவரையும் வரிசையில் நிறுத்தி எழுத வைத்தார்.

"எந்தத் தேதிலேர்ந்தும்மா எழுதணும்?" என்றார் மாமனார்.

"உண்மையான தேதிலேர்ந்து."

"அப்ப இன்னொரு அட்டை எடு. இது பத்தாது."

எழுதி முடித்ததும் சிஸ்டர் டாக்டரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, தாமதப் பதிவு முழுவதையும் வாசித்தார். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. கூடவே ஒரு 'ஆனா'வும்.

"ஆனா சிஸ்டர், சோறு, ரொட்டி, பிஸ்கட்... எடை ஏறினதுக்கு இது சரி. ரத்தத்துல இருக்கற கொழுப்பு இதுல வராதே! அது எங்கேயிருந்து வந்துதுன்னு தெரியாம நான் திங்கட்கிழமைய ரத்து பண்ண மாட்டேன். வேற யாராவது, வேற ஏதாவது?"

மூவரும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். சிஸ்டரும் ஆட்டத் தொடங்கினார். பாதி ஆட்டத்தில் அவருக்கு முட்டை ஞாபகம் வந்தது.

ஞாபகம் வந்தது என்பதுகூடச் சரியில்லை, மறந்திருந்தால்தானே வருவதற்கு? காலை டூட்டி முடிந்து வெளியே வரும்போது ஆஸ்பத்திரி கேன்டீனில் ஊழியர்களுக்கு அவித்த முட்டை கொடுப்பார்கள். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது குண்டூசி வந்து கணுக்காலில் உரசும். "டூட்டி முடிஞ்சுதுடா" என்று அதனிடம் சொல்வார். அந்த நேரத்தில் அவர் சிஸ்டர் இல்லை. அட்டை தொங்குவது கூடத்துக்குள். செருப்பு அலமாரி இருப்பது நிலைப்படிக்கு வெளியே. வீட்டுச் சட்டம் நிலைப்படிக்கு உள்ளேதான் தொடங்குகிறது. சட்டக் கல்லூரிக்குப் போகாமலே இத்தனையும் அவருக்குத் தோன்றியிருந்தது, தோன்றியதே தெரியாமல்.

"ஹலோ? சிஸ்டர்?"

இப்போது வாயைத் திறந்தால், இந்த வீட்டில் இனி விரலை ஆட்ட முடியாது. திறக்காவிட்டால், திங்கட்கிழமை. குண்டூசி சமையலறைக் கோட்டின்மேல் மல்லாந்து படுத்திருந்தது. நான்கு காலும் நான்கு பக்கம்; நடுவில் ஒரு குறையும் இல்லாத வயிறு மேலும் கீழும் போய்வந்தது.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்று சொல்லி, சிஸ்டர் பேனாவை எடுத்தார். மூவருடைய கையெழுத்துக்கும் கீழே, நிதானமாக எழுதினார். எழுத எழுத, வார்டுக் குரலில் வாசித்தார். "தாமதப் பதிவு. மதியம் இரண்டு நாற்பத்தைந்து. தினசரி. அவித்த முட்டை. அரை."

கணவர் அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு அட்டையை எட்டிப் பார்த்தார்.

"அரை முட்டைல இவ்வளவு ஏறாது சிஸ்டர்" என்றது போன்.

நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்த மாமனார், கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அரை இல்லம்மா. ரெண்டு. முழுசு முழுசா. தோலை உரிச்சு, ஊதி ஊதி ஆறவெச்சு ஊட்டுவியே. மத்தியானம் நான் ஜன்னலோரந்தானே படுத்திருக்கேன்."

போனில் டாக்டர் சிரிப்பது கேட்டது. "தினமும் ரெண்டா! அப்ப நான் கத்திய உள்ள வெச்சிடறேன்."

சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. 'அரை' என்ற சொல்லின் மேல், அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு நேர்கோடு இழுத்தார். பக்கத்தில் 'இரண்டு' என்று எழுதி, ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.