லோரெட்டாவின் மஞ்சள் அட்டைகள்

லோரெட்டா கெஸ்லர் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரப் பீப்பாயில் பத்தொன்பது வருடத்துக் கடிதங்களைக் கொளுத்திவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. முதலில் சொன்னவர் வெர்ன். எரிவாயு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு டோனட் கடையில் முழுநேர வேலை பார்க்கிறார், சம்பளம் இல்லாமல்.

"புகைய நானே பாத்தேன்யா. சாம்பல் கலரு. காகிதப் புகைதான்."

"இலைய எரிச்சா என்ன கலர்ல வரும்?"

"அதுவும் சாம்பல்தான். ஆனா இது காகிதம்."

இந்த மாதிரிச் சாட்சியை நம்பி எங்கள் ஊரில் யாரையும் சிறைக்கு அனுப்பியதில்லை, பாராட்டியிருக்கிறோம். அந்த வாரம் லோரெட்டாவின் பெயரைக் கேட்டதும் கடையில் காப்பிக் கோப்பைகள் உயர்ந்தன. காரணம் உண்டு. அந்தக் கடிதங்களில் பாதி ஊரின் கையெழுத்து இருந்தது.

லோரெட்டாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஊர் தானியக் கிடங்கின் எடைமேடையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவர். லாரி வந்தால் ஒரு அட்டை. ஓட்டுநர் பெயர், எடை, சோளத்தின் ஈரப்பதம். எந்த வருடத்து எந்த லாரியைக் கேட்டாலும் அரை நிமிடத்தில் எடுத்துவிடுவார். ஒருமுறை பள்ளிப் பேருந்து நிறுத்தத்தை நெடுஞ்சாலையின் தப்பான பக்கத்தில் வைத்துவிட்டார்கள் என்று தலைநகருக்குப் புகார் சொல்லப் போனார். திரும்பும்போது கையில் வேட்புமனு இருந்தது. மாநிலக் கல்வி வாரியத்தில் எங்கள் பகுதி இடத்துக்கு ஆளே நிற்கவில்லையாம். கடைசி நேரத்தில் நின்ற ஒரே எதிராளி ஓட்டுச்சீட்டு அச்சான பிறகு இறந்துபோனார். லோரெட்டா நானூறு ஓட்டில் ஜெயித்தார். உயிரோடிருந்தால் அந்த மனிதர் ஜெயித்திருப்பார் என்று வெர்ன் இன்றும் சொல்வார்.

நிறுத்தம் சரியான பக்கத்துக்கு வந்தது. அதிலிருந்து ஊர் அவருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அட்டை போட்டார். பெற்றோர் எழுதினால் நீலம், ஆசிரியர் எழுதினால் மஞ்சள். பெயர், பள்ளி, யார் மேல் என்ன புகார், எல்லாம் அகரவரிசையில். பத்து நாளுக்குள் கைப்பட பதில் போய்விடும். ஆசிரியர்களுக்குப் போகும் பதிலில் மட்டும் கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: உங்கள் பெயர் என் வீட்டு வாசலைத் தாண்டாது.

அப்படி ஒரு பதில் டார்லா வின்ஸ்லோவுக்கும் போனது. டார்லா மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அப்போது எங்கள் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை அதிகாரியாக இருந்தவர் ஸ்ட்ரிக்லர். மாநிலத் தேர்வு நாளன்று, வாசிக்கத் திணறும் பதினோரு பிள்ளைகளை மட்டும் பேருந்தில் ஏற்றி மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பினார் அவர். பள்ளிக்கு நல்ல மதிப்பெண் வந்தது, அவருக்குக் கேடயம் வந்தது, பிள்ளைகள் ஒட்டகச்சிவிங்கி பார்த்தார்கள். டார்லா நடந்ததை எழுதிக் கையெழுத்தும் போட்டார். லோரெட்டா பெயரைச் சொல்லாமல் வாரியத்தில் கிளப்பினார். ஸ்ட்ரிக்லருக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. எழுதியது யாரென்று அவருக்கு ஆறு வருடமாகத் தெரியவில்லை. டார்லாவே சொல்லி ஊருக்குத் தெரியும், ஆனால் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

போன வருடம் சட்டசபையில் இரண்டாயிரம் பக்க வரவுசெலவு மசோதா நிறைவேறியது. அதில் மான் வேட்டை உரிமத்துக்கும் சாலையோரப் புல்வெட்டுக்கும் நடுவில் ஒரு பகுதி. பாடத்திட்டம், தேர்வு, விசாரணை, ஆசிரியர் உரிமம் எல்லாமே வாரியத்திடமிருந்து ஆளுநரின் கீழ் வரும் புதிய துறைக்குப் போய்விட்டன. வாரியத்துக்கு மிச்சம் இரண்டு வேலைகள்: வருடத்தின் சிறந்த ஆசிரியருக்குப் பட்டயம் கொடுப்பது, போன கூட்டத்தின் குறிப்புக்குச் சம்மதம் சொல்வது. இது தெரியாமல் நாங்கள் நவம்பரில் வீட்டுக்கு வீடு விளம்பரப் பலகை நட்டு, லோரெட்டாவை மறுபடியும் ஜெயிக்க வைத்தோம். ஸ்டியரிங்கைக் கழற்றிக் கொண்டுபோன பிறகு, யார் ஓட்டுவது என்று தேர்தல் வைத்த மாதிரி. ஆளுநரையும் ஓட்டுப் போட்டு நாங்கள்தான் தேர்ந்தெடுத்தோம் என்பதால் யாரையும் திட்டவும் முடியவில்லை.

ஆளுநர், ஆசிரியர் உரிமங்களைக் கவனிக்க ஒரு துணை இயக்குநரை நியமித்தார். ஸ்ட்ரிக்லர்.

டார்லாவின் உரிமம் ஜூன் முப்பதோடு முடிகிறது, துறை புதுப்பிக்காவிட்டால் அவர் பாடம் நடத்த முடியாது. ஏப்ரலில், வாரிய உறுப்பினர்களிடம் இருக்கும் கடிதங்களை எல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று துறை உத்தரவு போட்டது. அதனால்தான் அந்தப் புகை ஊருக்கு அவ்வளவு இனித்தது. ஊர் வாரப் பத்திரிகைக்கு எழுதுவது என் வேலை என்பதால் நான் அதைச் சரிபார்க்கப் போனேன், போகாமல் இருந்திருக்கலாம்.

"உள்ள வா கண்ணு. ஷூவக் கழட்டாத, தரை குளிரும்" என்றார் லோரெட்டா.

"எரிச்சீங்களா?"

"எரிச்சேன். போன வருஷத்து மேப்பிள் இலை. மூணு மூட்டை."

"அப்ப கடிதம்?"

சமையலறை மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"துறையிலருந்து ஒரு பையன் வந்தான். கானர்னு பேரு. நல்ல பையன். நான் சொல்றதுக்கு முன்னாடியே ஷூவக் கழட்டிட்டான். தோள்பட்டை வலியாம், பாவம். பதினாலு பெட்டி. நானும் ஒரு கை பிடிச்சு ஏத்தினேன்."

"நீங்களா?"

"வீட்டுக்கு வந்தவன் தனியா தூக்குவானா?"

"சரி, பதினாலு பெட்டி. அதுல ஒரு கடிதத்தத் தேடிக் கண்டுபிடிக்கவே அவனுங்களுக்கு ஒரு வருஷம் ஆகும்."

துடைப்பது நின்றது.

"அதத்தான் அவனும் சொன்னான். இதப் பிரிச்சு அடுக்கவே வருஷம் ஆகும், அதுக்குள்ள என் வேலையே போயிரும்னு. எனக்கு மனசு கேக்கல. அகரவரிசையில போட்ட அட்டையெல்லாம் தனியா ஒரு பெட்டில இருக்கு, எடுத்துட்டுப் போன்னேன்."

உத்தரவில் அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவை அவருடைய சொந்தச் சொத்து. கானர் கேட்கவும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் எதையும் முதல் தடவை நீட்டியதும் வாங்குவது மரியாதை இல்லை. இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவையும் நீட்டினால் மனப்பூர்வமாகத் தருகிறார்கள் என்று அர்த்தம். கானர் நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை. இரண்டு தடவை வேண்டாம் என்றிருக்கிறான்.

"மூணாவது தடவையும் நான்தான் சொன்னேன்" என்றார் லோரெட்டா. "அவன் தெறந்து பாத்தான். 'ஓ, மஞ்சள்னா ஆசிரியருங்களா மேடம்? ரொம்ப உதவியா இருக்கும்'னான். அவன் காரு கிளம்பின பிறகுதான் எனக்கு அந்த 'உதவி' உறைச்சுது."

மறுநாளே கூப்பிட்டு, ஓர் அட்டையை மட்டும் திருப்பித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். எந்த அட்டை என்று கானர் கேட்டான். பெயரைச் சொன்னால் தானே காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று இவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த எண்ணில் ஆளே பேசுவதில்லை. எங்கள் கருத்து ஆளுநருக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு இயந்திரம் சொல்கிறது.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நீளமான கண்ணாடிப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அடியில் ஒட்டுத்தாள், அதில் பேனாவால் 'டார்லா'.

"வியாழக்கிழமை வந்தா" என்றார் லோரெட்டா. "புகையப் பத்திக் கேள்விப்பட்டாளாம். கோழிக்கறி நூடுல்ஸ் பண்ணிக் கொண்டாந்தா. கட்டிப்பிடிச்சு அழுதா. நீங்க செஞ்சத சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சூடா இருக்கு, கையச் சுட்டுக்காதன்னேன்."

"சாப்டீங்களா?"

"பாதி. நல்லா இருந்துச்சு. அதான் இன்னும் மோசம்."

ஜூன் இரண்டாம் வாரம் எங்கள் பள்ளி ஆசிரியர்கள் ஒன்பது பேருக்கு உரிமம் புதுப்பித்து வந்தது. பத்தாவது டார்லா. அவர் பெயரைப் போட்டால் திரையில் 'பரிசீலனையில்' என்று மட்டும் வருகிறது. துறையில் விசாரித்தேன். வழக்கமான நடைமுறைதான் என்றார்கள். பிறகு என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள்.

அடுத்த திங்கட்கிழமை டோனட் கடையில் டார்லா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும். அதுக்கும் என்னைப் பிடிக்கல போல."

"லெட்டர்தான் சாம்பலாயிருச்சே, உனக்கென்ன பயம்?" என்றார் வெர்ன். "அந்தப் புகைய நானே பாத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என் வாயில் டோனட் இருந்தது. அதை நான் தேவைக்கு அதிகமான நேரம் மென்றேன்.

அன்றைக்கே லோரெட்டாவிடம் போனேன். "வியாழக்கிழமை பத்திரிகை வரும். நான் எழுதப்போறேன். அதுக்குள்ள நீங்களே அவகிட்ட சொல்லிருங்க."

"எழுதினா அவ பேரு ஊரத் தாண்டிப் போயிருமே!"

"தெரியக் கூடாத ஆளுக்குத் தெரிஞ்சு போச்சு லோரெட்டா. இப்ப தெரியாம இருக்கிறது டார்லாவுக்கு மட்டுந்தான். வக்கீலப் பாக்கவாவது அவளுக்கு நாள் வேணாமா?"

லோரெட்டா தலையாட்டினார். "பாத்திரத்த வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஆப்பிள் நறுக்க உட்கார்ந்தார்.

இது நடந்தது திங்கட்கிழமை. செவ்வாய், பாத்திரம் நிறைய இனிப்போடு டார்லாவின் தெருவரை காரில் போய்த் திரும்பியிருக்கிறார். புதனும் அப்படியே. ஆறிப்போனதைக் கொடுப்பது நன்றாக இருக்காது என்று புதிதாக இன்னொன்று செய்து, இன்று வியாழன் காலை மறுபடியும் கிளம்பினார். அச்சகத்துக்குப் போகும் வழியில் பார்த்தேன். டார்லா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி கார் நிற்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. முன் இருக்கையில் பாத்திரம், அதற்கு சீட் பெல்ட் போட்டிருக்கிறது.