மிளாறுக்கு ஒரு சத்தியம்

பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகளை மிளாறு என்போம். காஸ் எட்டாத விலையில் இருக்க, நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் அடுப்புகள் மிளாறில்தான் எரியும். போன வருடம் அதற்கும் தடை வந்தது. மிளாறு மண்ணுக்கே உரமாக வேண்டுமாம். தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் நிபந்தனை.

மண் கரைகிறது என்பது பொய்யில்லை. மழை பெய்தால் ஓடை கலங்கி ஓடுவதை நானும்தான் பார்க்கிறேன். அதற்காக உலகத்தைக் காப்பாற்ற முதலில் எங்கள் அடுப்பைத்தான் அணைக்க வேண்டுமா?

வாங்குகிறவர்கள் இருவர் வந்தார்கள். மாரியம்மன் கோயில் முற்றத்தில் கூட்டம். எங்கள் வழக்கப்படி கற்பூரம் ஏற்றித் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறேன் என்பதால் மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள்.

"பூமி எல்லோருக்கும் பொது. பொறுப்பும் எல்லோருக்கும் பொது" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

அவர்கள் தங்கிய பங்களாவில் அறைக்கு அறை கணப்பு எரிந்தது. அதற்கு லொறியில் கட்டை போனதை லயமே பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

இனி மிளாறு எடுப்பதில்லை என்று எல்லோரையும் கை தூக்கச் சொன்னார்கள். கூட்டத்தில் கை தூக்குவதும் வீட்டுக்கு வந்ததும் மறப்பதும் எங்களுக்குப் பழக்கம்தான். அம்மாவும் தூக்கினாள்.

அக்கா பிள்ளை பெற்று வீட்டில் இருந்த நேரம் அது. அந்தக் குளிரில் அவளுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்ற வேண்டும். வீட்டிலிருந்த ஈர விறகோ புகைந்ததே தவிர எரியவில்லை. கை தூக்கிய மற்றவர்கள் எல்லோரும் மாலையில் மிளாறுக் கட்டோடு இறங்கிவந்தார்கள். நானும் கிளம்பினேன். அம்மா வாசலை மறித்தாள்.

"எங்க போற?"

"மிளாறு எடுக்க. எல்லாரும் எடுக்கிறாங்கம்மா."

"எடுக்கட்டும். ஆத்தா முன்னுக்குக் கற்பூரம் எரியயில கை தூக்கியிருக்கேன். அந்தப் பாவம் பச்சப் புள்ள மேல விழணுமா?"

"பங்களாவுல எரிக்கிறானுங்களே, அது பாவமில்லையா?"

"அவங்க கை தூக்கலையே."

உண்மைதான். அவர்களைக் கை தூக்கச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. இந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? அம்மா மேலா?

அன்று அக்காவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் கிடைத்தது.

"இன்னும் கொஞ்சம் சூடா ஊத்தும்மா" என்று பல் கிட்டக் கெஞ்சினாள் அக்கா.

அம்மா அந்தத் தண்ணீரையே மொண்டு ஊற்றினாள்.