தோள்பட்டி வைக்காத கவுன்

மாமியாரின் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது அந்துருண்டை வாடை. அடுத்து வந்தது அந்தக் கவுன். தந்த நிற சாட்டின், இடுப்பில் ஒட்டிக் கீழே மணிபோல் விரிந்தது. தோளில் ஒரு பட்டிகூடக் கிடையாது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவருடைய அண்ணன், தங்கச்சி கல்யாணத்துக்கு அனுப்பியதாம். சாவதற்குச் சில வாரங்கள் முன்பு என் மகளைக் கூப்பிட்டு, "இது உனக்குத்தான், ரிசப்ஷனுக்குப் போட்டுக்கோ" என்று சொன்னார். அடுப்படியில் நின்றிருந்த என் காதில் விழுந்தது. வயிறு எரிந்தது. செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்பார்கள். அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

எரிந்ததற்குக் காரணம் என் கல்யாணம். வெள்ளைப் பட்டுப்புடவைக்கு அம்மா எனக்குக் குட்டைக் கை வைத்த ரவிக்கை தைத்துக் கொடுத்திருந்தாள். மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலில் பூசைக்கு மணி அடிக்கப் போகும் நேரம் மாமியார் என்னைப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் டீச்சர். அவர் குரல் உயர்ந்தால் ஃபாதரே ஒதுங்கிப் போவார். "இவ்ளோ கை தெரியுதே, ஆண்டவர் முன்னாடி நிக்கப் போறியா, ஜவுளிக்கடை வாசல்ல பொம்மையா நிக்கப் போறியா?" என்றார். கையில் கத்தரிக்கோல் தயாராக இருந்தது. அம்மா ஆசையாக வாங்கிய முக்காட்டு நெட்டின் அடிப்பாகத்தை நறுக்கி, மணிக்கட்டு வரை இரண்டு கை ஆக்கி, என் உடம்பில் இருந்தபடியே ரவிக்கையோடு சேர்த்துத் தைத்துவிட்டார். அம்மா குனிந்து, தரையில் விழுந்த நெட் துண்டுகளைப் பொறுக்கினாள். அன்று சாயங்காலம் ஹாலில் மாலை மாற்றும்போது என் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. கணவரோ உயரம். தம் கட்டித் தூக்கினேன், டர்ரென்று கிழிந்தது. ஹாலே சிரித்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து மாமியாரும் சிரித்தார். ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை நான் இன்றுவரை புரட்டியதில்லை.

இப்போது பேத்திக்கு மட்டும் தோள் தெரியலாமாம்! வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் கண்ணாடி முன்னால் நின்ற மகளின் முகத்தைப் பார்த்ததும் முழுங்கிக்கொண்டேன். அவள் மாலை போடுவதுபோல் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தாள். கவுன் சரசரவென்று இறங்கியது. "மம்மி, கை தூக்கினா நிக்கல. ஆனா ஸ்ட்ராப் வைக்காதீங்க, ப்ளீஸ். இதோட அழகே போயிடும்" என்றாள். வரப்போகும் மருமகனும் தென்னைமரம். அதே ஹால், அதே மாலை. இன்னொரு தடவை அந்தச் சிரிப்பைக் கேட்க என்னால் முடியாது.

முதலில் மேல் விளிம்பில் எலாஸ்டிக் கொடுத்தேன். மகளின் நெஞ்சில் சிவப்புத் தடம் விழுந்ததுதான் மிச்சம். அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்தாள். கீழ் மடிப்பில் கடைக்காரன் போட்ட, உடுத்தும் முன் பிரிக்க வேண்டிய ஓட்டுத் தையல்கூடப் பிரிக்காமல் இருந்ததைக் காட்டினேன். "அம்மா இதப் போட்டதே இல்ல அண்ணி. எங்க ஆயா, அதான் அப்பாவோட அம்மா, விடல. மானம் போயிடும்னு கல்யாணத்தன்னிக்கே பொட்டியில வெச்சுப் பூட்டிடுச்சாம். அம்மா பாவம்" என்றாள். நான் உருகுவேன் என்று எதிர்பார்த்தாள். எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. தெரியாமல் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். கல்யாணத்தன்று உடுப்பைப் பறிகொடுத்தால் எப்படி வலிக்கும் என்று தெரிந்த பெண்பிள்ளை, எனக்கென்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது பாவாடை நாடாவை இறுக்கி முடிந்தேன். முடிந்த கை அப்படியே நின்றது. இத்தனை கெஜம் புடவை தோளிலா தொங்குகிறது? இடுப்பு நாடாவில்தானே நிற்கிறது! அன்றைக்கே தி. நகர் போய் அகலமான பருத்தி நாடாவும் கொக்கிகளும் வளையாத பிளாஸ்டிக் பட்டைகளும் வாங்கினேன். கவுனுக்கு உள்பக்கம் இடுப்பில் நாடாவைச் சுற்றிவரத் தைத்து, முதுகில் தனியாகக் கொக்கி வைத்தேன். அந்த நாடாவில் ஊன்றி நிற்கும்படி, துணியின் தையல் மூட்டுகளுக்குள் பட்டைகளை மார்பு வரை ஏற்றினேன். ஒவ்வொரு தையலுக்கும் மாமியாரை ஒரு வார்த்தை திட்டினேன். மனசுக்கு நன்றாக இருந்தது.

ரிசப்ஷனில் மகள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி மாலையைப் போட்டாள். கவுன் இம்மியும் அசையவில்லை. யாரும் சிரிக்கவில்லை, கைதட்டினார்கள். அதற்கப்புறம்தான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா அண்ணி, எல்லாம் அம்மாவோட ஆசீர்வாதம்" என்றாள்.

"ஆசீர்வாதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாடா" என்றேன்.

போன மாதம் நாத்தனார் அந்தக் கவுனைக் கேட்டு வந்தாள். அம்மா ஞாபகமாகத் தன் வீட்டில் இருக்கட்டுமாம். தாராளமாகக் கொடுத்தேன். அந்துருண்டைகூடப் புதிதாகப் போட்டு, பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தேன். அதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, நாடாவையும் பட்டைகளையும் பிரித்து என் பீரோவில் வைத்துக்கொண்டேன்.