மீன்சோட்டாச் சம்பந்தி

காலையில் செபம் சொல்லி முடித்த கையோடு கிறிஸ்துநாயகம் கைபேசியை எடுத்துப் பார்ப்பது சிட்னியின் வெயிலை அல்ல, அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் கிடக்கும் மினசோட்டாவின் குளிரை. பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மறுபடியும் பார்ப்பார். எண் மாறியிருக்காது. "பேர்ள், இஞ்சை ஓடி வாரும்! மைனஸ் இருபத்தெட்டாம்!" என்று குசினிப் பக்கம் திரும்பிக் கத்துவார். மனைவி ஓடி வருவதில்லை. முந்தின நாள் மைனஸ் இருபத்தாறுக்கும் இதே கத்தல்தான். சிட்னியின் பென்டில் ஹில்லில் டிசம்பர் வெயில் அந்நேரமே முதுகை நனைத்துக்கொண்டிருக்கும்.

இலங்கை மன்னாரின் மீனவ ஊரான பேசாலையில் பிறந்து, சிட்னியின் மேற்கில் பஸ் ஓட்டுகிறவர். பேச்சு குறைவு, அதிலும் நல்ல பேச்சு இன்னும் குறைவு. ஒரே மகள் ஜெனோஜா இந்த வீட்டில் இருந்த காலத்தில், வேலைக்குக் கிளம்புமுன் அவளுடைய நெற்றியில் பெருவிரலால் ஒரு சிலுவை போட்டுவிட்டு, வாயே திறக்காமல் படியிறங்கிப் போவார். அவருக்குத் தெரிந்த கொஞ்சல் அவ்வளவுதான். அந்த மகள் மார்ச் மாதம் மினசோட்டாவுக்குப் போய்விட்டாள். அங்கே தாதி வேலை. சிட்னிக்குப் படிக்க வந்து அவள் மனத்தைப் பிடித்த எரிக்குக்கு அதுதான் ஊர்.

முதலில் மனிதருக்கு அந்த ஊரின் மேல் கோபமே இருக்கவில்லை. "பேரே மீன்சோறு மாதிரித்தான் கிடக்கு. எங்களுக்குத் தோதான இடம்" என்று சொல்லி, மீன்சோட்டா என்றே கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார். அங்கே நடக்கப்போகும் கலியாணத்துக்கு நாள் குறித்தவரும் அவர்தான். "ஜனவரியிலை வைப்பம். பள்ளிக்கூட லீவு, எல்லாச் சனமும் வரலாம்." சிட்னித் தமிழர்களுக்கு ஜனவரி என்றால் லீவு, லீவு என்றால் வெயில். உலகத்தின் மற்றப் பாதியில் அது நடுக்குளிர்காலம் என்ற நினைவு ஒருவருக்கும் வரவில்லை. எரிக்கின் தகப்பன் டேலிடம் வீடியோவில் ஆங்கிலத்தில் கேட்டபோது, அந்த மனிதர் தொப்பியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "ஜனவரியா... வெல், தட்'ட் பி டிஃபரன்ட்" என்றார். "வித்தியாசமா இருக்குமாம். ஆளுக்குச் சரியான சந்தோசம்" என்று கிறிஸ்துநாயகம் வீட்டுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

அதிர்ச்சிகள் நவம்பரில் தொடங்கின. "இண்டைக்கு முப்பது அப்பா, பறவாயில்லாத வெதர்" என்றாள் மகள். "வெயிலுக்கை திரியாதை, தண்ணி குடி" என்றார் இவர். அது ஃபாரன்ஹீட் கணக்கு என்றும், தண்ணீரே உறைந்துபோகிற முப்பது என்றும் அவள் விளக்கவேண்டி வந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இரவில் காரை மின்சார வயரில் செருகிவைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் எழும்பாதாம். "ஃபிரிஜ்ஜை செருகலாம், ஃபோனைச் செருகலாம், பெற்றோல் காரை ஏனப்பா செருகுறான்?" நாற்சந்தியில் நாலு கார் வந்தால் நாலு பேரும் 'நீ போ, நீ போ' என்று கைகாட்டிக்கொண்டு நிற்பார்களாம். வாழ்நாளில் பாதியைப் பராமட்டா ரோட்டு ஹோர்ன் சத்தத்தில் கழித்தவருக்கு அதை நம்பவே முடியவில்லை.

நத்தார்ப் பெருநாளுக்கு முதல் கிழமை டேல் வீடியோவில் வந்தபோதுதான் பெரிய அதிர்ச்சி. அந்த மனிதர் உறைந்துபோன ஒரு பெரிய ஏரியின் நடுவே, சின்னப் பலகைக் கொட்டிலுக்குள் குந்தியிருந்தார். காலடியில் பனியில் துளைத்த ஒரு ஓட்டை, அதற்குள் தூண்டில். கதவுக்கு வெளியே, அதே ஏரித் தண்ணீரின் மேலே, அவருடைய ட்ரக் நின்றது. "யேசுவே! தண்ணிக்கு மேலை வாகனத்தை விட்டிருக்கிறான்!" என்று கிறிஸ்துநாயகம் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். தகப்பன் வள்ளத்தில் போன நாளெல்லாம் தாய் கரையில் நின்று செபமாலை உருட்டியதைப் பார்த்து வளர்ந்தவர். பரம்பரை பரம்பரையாகத் தண்ணீருக்குப் பயந்தே மீன்பிடித்த சாதி அது.

அந்தப் பதற்றத்தோடேயே, மனத்தில் கிடந்த கேள்வியைக் கேட்டார். "மை டோட்டர்... ஹவ் இஸ் ஷி?"

டேல் கொஞ்ச நேரம் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஓ, ஷி இஸ் நொட் டூ பேட்."

அவ்வளவு மோசமில்லையாம்! கிறிஸ்துநாயகம் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். முகமும் அதே நிறத்துக்கு வந்துவிட்டது. "என்ர பிள்ளையை, பழுதில்லாத கத்தரிக்காயைச் சொல்லுற மாதிரிச் சொல்லிப்போட்டான். கலியாணத்துக்கு நீர் போயிட்டு வாரும். நான் வரேல்லை." அன்று வேலையில், மணியை அடித்த ஒரு கிழவியை இறக்காமலே ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போனார். மன்னிப்புக் கேட்டு நடுவழியில் இறக்கிவிட்டார். அப்படி ஒரு பிழை அவர் கைக்கு வந்ததே இல்லை.

மறுநாள் காலை மகள் வீடியோவில் வந்தாள். சிட்னியில் விடிந்திருந்தது; அவளுக்கு இன்னும் முந்தின நாள் மத்தியானம்.

"அப்பா, அம்மா எல்லாம் சொன்னவ. இஞ்சை 'நொட் டூ பேட்' எண்டால் அதுக்கு மேலை புகழ்ச்சியே இல்லை. சொந்த மகனையே அவர் இன்னும் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப ஜனவரிக்கு டிஃபரன்ட் எண்டு சொன்னது?"

ஜெனோஜா தயங்கினாள். "அது... 'உங்களுக்கென்ன விசரா' எண்டதை மரியாதையாச் சொல்லுறது."

கிறிஸ்துநாயகம் கணக்குப் போட்டுப் பார்த்தார். புகழ்ச்சியைத் திட்டு என்றும் திட்டைப் புகழ்ச்சி என்றும் எடுத்துக்கொண்டு, நாலு மாதமாக அந்த மனிதரோடு சம்பந்தம் பேசியிருக்கிறார். "வேண்டாமெண்டு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"இஞ்சத்தை ஆக்கள் சொல்லமாட்டினம் அப்பா. அதுக்குப் பதிலா அவர் ஒக்டோபர் துடக்கம் வீடு வீடாப் போய் உங்கட ஆக்களுக்கெல்லாம் குளிர்ச் சட்டை சேர்க்கிறார். அவற்ரை வீட்டு ஹோல் நிறையத் தொங்குது. ஏனெண்டு ஆரும் கேட்டால், ஜனவரிக் கலியாணம், டிஃபரன்ட் எண்டு மட்டும் சொல்லுறார்."

தன் மகளைப் பற்றி நாலு வார்த்தை நன்றாகச் சொல்ல அந்த மனிதருக்கு என்ன கஞ்சத்தனம் என்றுதான் இன்னும் கிறிஸ்துநாயகத்தின் மனம் கறுவியது. குசினியிலிருந்து பேர்ளின் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, பிள்ளை யூனிவேசிற்றிக்கு எடுபட்டு ஓடிவந்து சொல்லேக்கை நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

கிறிஸ்துநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பறவாயில்லை எண்டு சொன்னனீங்கள். பிள்ளை அறைக்குள்ளை போய் அழுதது. என்ர நண்டுக்கறியும் உங்களுக்கு முப்பது வருசமாப் பறவாயில்லை. என்னைப் பொம்பிளை பாத்துப்போட்டு வந்தும் அதைத்தான் சொன்னனீங்களாம். மாமி சொல்லிச் சிரிக்கிறவ."

மைனஸ் இருபத்தெட்டுக்குக் கூட மனிதர் இப்படி அதிர்ந்ததில்லை. அவள் அழுதாளா? ஒருவரும் சொல்லவில்லையே. அந்தச் சொல்லுக்குள் தான் வைத்தது அத்தனையும் மகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றல்லவா இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தார்? ஏரியின் நடுவே ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த டேலின் முகம் கண்முன்னே வந்தது. அது வேறு ஆளின் முகமாகத் தெரியவில்லை.

கைபேசிக்குள் மகள் எழும்பி நின்றாள். சிவப்புக் கூறைச்சேலையைச் சுற்றி, அதற்கு மேல் யாரோ கொடுத்த தடித்த நீலச் சட்டை, காலில் முழங்கால் மட்டும் பூட்ஸ். "அம்மாவுக்குக் காட்டத்தான் உடுத்தனான். எப்பிடி அப்பா இருக்கு?"

"பற..." என்று தொடங்கி, கிறிஸ்துநாயகம் சொல்லை விழுங்கினார். அகப்பையோடு வாசலுக்கு வந்த பேர்ள் அப்படியே நின்றாள்.

"வடிவா இருக்கிறாய், பிள்ளை" என்றார் அவர். "உன்னை மாதிரி ஒரு பிள்ளை எனக்குக் கிடைச்சது... நான் வாறன். அந்த மனுசனிட்டைச் சொல்லு, எனக்குப் பெரிய சைஸ் சட்டை வேணும்."

ஜெனோஜா திகைத்துப்போய்த் திரைக்குக் கிட்ட வந்தாள். "அப்பா, உங்களுக்குச் சுகமில்லையா?"

அவர் பெருவிரலை நீட்டி, கைபேசித் திரைக்கு மேலால், அவளுடைய நெற்றியில் மெதுவாகச் சிலுவை போட்டார்.