தம்பி காப்பாற்றிய சத்தியம்

தம்பியின் கையை இழுத்து, எரிகிற கற்பூரத்தின் மேல் வைத்தவள் நான்தான். அம்மன் சடங்கின் கடைசி நாள், ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. "இனி அந்தக் குளிசையைத் தொடமாட்டன் எண்டு சொல்லுடா" என்றேன். உள்ளங்கைக்குக் கீழே நெருப்பு அணைந்தது. அவன் சொன்னான்.

போதைத்தூள் பழக்கத்தை விடுவதற்கு ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுத்த குளிசை அது. காலையில் நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட்டுவிட்டு, வலையைத் தூக்கிக்கொண்டு வாவிக்குப் போவான். எட்டு மாதம் அப்படிப் போனான். அதற்கு முன் எங்கள் கரையில் வள்ளத்து எஞ்சினை யாரும் வெளியில் விட்டதில்லை. கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைப்பார்கள். கோழிக்கூட்டுக்கும் பூட்டு. களவெடுத்தவன் வேறு யார், என் தம்பிதான். குளிசை தொடங்கிய பிறகு எஞ்சின்கள் கரையிலேயே கிடந்தன. அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கிளினிக் போகத் தொடங்கினார்கள். நன்றிகெட்ட சனம்! "தூளை விட்டுட்டுக் குளிசையைப் பிடிச்சிருக்கான், என்னகா வித்தியாசம்?" என்று கிணற்றடியில் சிரித்தார்கள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்ப நிப்பாட்ட வேணாமெண்டு டொக்டர் சொன்னவர், அக்கா" என்று கெஞ்சினான். "டொக்டரா இந்த ஊருக்குள்ள தலைகுனிஞ்சு நடக்கிறார்?" என்று கேட்டேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

சத்தியம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னைப் புகழ்ந்தார்கள். நானும் பூரித்துப்போனேன். தம்பி வியர்த்தான், நடுங்கினான், தின்றதையெல்லாம் கக்கினான். குளிசையை மட்டும் கேட்கவேயில்லை. மூன்றாம் வாரம், வாவிக்கரைக் கண்ணா மரக் காட்டுக்குள் பிணமாகக் கிடந்தான். தூளைப் பழைய அளவுக்கே எடுத்திருக்கிறான், இத்தனை நாள் விட்டிருந்த உடம்பு தாங்கவில்லை என்றார் டொக்டர். ஊர் வேறு மாதிரிச் சொன்னது: சத்தியத்தை மீறினான், அம்மாள் கணக்குக் கேட்டுவிட்டா. பாவிகள்! அவன் எங்கே மீறினான்? எதைத் தொடாதே என்றேனோ, அதை அவன் சாகும்வரை தொடவில்லை.

போன கிழமை பக்கத்து வளவுக்காரி தன் மகனோடு வந்தாள். தம்பியைப் பார்த்துக் கிளினிக் போனவர்களில் அவனும் ஒருவன். "இவனையும் சத்தியம் பண்ணக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகவேணும், நீயும் வாகா" என்றாள். நான் அவள் காலைப் பிடித்தேன். "வேணாம்கா, குளிசையை நிப்பாட்டாத, புள்ள செத்துப்போவான்" என்று அழுதேன்.

காலை உதறினாள். "உன்ட தம்பி போயிட்டான் எண்டு என்ட புள்ளையையும் இந்தக் குளிசையோடயே கிடந்து சாகச் சொல்றியா?"

மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. அன்றைக்கு யாராவது என் காலைப் பிடித்திருந்தால் நானும் அப்படித்தான் உதறியிருப்பேன்.