முக்கொம்பு ரோட்டு வளைவு

டாக்டர் இருந்தார், கார் அவருடையது. டயருக்குக் காற்றடிக்கும் பாய் இருந்தார். மெக்கானிக் நான் இருந்தேன்.

மறுநாள் டாக்டர் மெட்ராஸ் பக்கம் கார் ரேஸுக்குப் போக வேண்டும். அந்த ஸ்போர்ட்ஸ் கார் முக்கொம்பு ரோட்டு வளைவில் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் திரும்பாமல் நேராகப் போய் மண்ணில் இறங்கியது.

"இப்படி இருந்தா நான் போகலைங்க," என்றார் டாக்டர்.

ஸ்டியரிங்கில் பழுதில்லை. டயரில் காற்றை அளந்தேன். பின்னால் அதிகம், முன்னால் குறைவு.

"பாய், லாரிக்கு அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கீங்களே," என்றேன்.

"கை பழகிடுச்சுங்க."

"நான் ஊசி போடுற ஆளு பாய். நெல்லு மூட்டை ஏத்துறதில்ல," என்றார் டாக்டர்.

பாய் சிரித்துக்கொண்டே முன்னால் கூட்டினார், பின்னால் குறைத்தார். டாக்டர் ஓட்டினார். கார் வளைவோடு திரும்பியது. நம்பாமல் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

பதினொரு தடவை.