தம்பியின் பிக்கப்பும் என் மினிவேனும்

இங்கே கனடாவில் பிக்கப் வண்டிகளின் பின்தட்டு பெரும்பாலும் காலியாகவே போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியைச் சனிக்கிழமைதோறும் கழுவித் துடைக்கிறார். ஒரு மூட்டை ஏற்றி நான் பார்த்ததில்லை. பின்னால் ஆட்களை ஏற்றலாமா என்று ஒருநாள் கேட்டேன். ஏற்றினால் போலீஸ் பிடிக்கும் என்றவர், எனக்கு வண்டி இரவல் வேண்டுமென்று நினைத்துச் சாவியை நீட்டினார். எப்படி விளக்குவது? சிரித்து மழுப்பிவிட்டேன்.

கள்ளிக்குப்பத்தில் என் தம்பி சாமுவேலிடமும் ஒரு பிக்கப் இருந்தது. எண்பதுகளில் பழைய வண்டியாக வாங்கியது. அம்பத்தூர் பட்டறைகளுக்கு இரும்புச் சாமான் ஏற்றி ஏற்றியே தட்டு நெளிந்துபோயிருந்தது. அந்த வண்டியில் அப்பாவும் அம்மாவும் சர்ச்சுக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் லீவில் போனபோது புத்தம்புது மினிவேன் வாங்கிக் கொடுத்தேன். மெத்தை இருக்கை, தள்ளுகதவு, பாட்டுப்பெட்டி எல்லாம் உண்டு. லீவில் ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பெருமை தெரியும். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு விடியலில், கொட்டும் மழையில், அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வயிறு பலகைபோல இறுகிக் கிடந்தது. வேனை வாசலுக்குக் கொண்டுவந்தேன். தம்பி தடுத்தான்.

"இன்னாண்ணா, இதுல எப்டி குந்துவாரு? படுக்க வெச்சுதான் இட்டுகினு போணும். என் வண்டில ஏத்து."

மழையில் நோயாளியைத் திறந்த வண்டியில் ஏற்றுவதா என்று கத்தினேன். எல்லாம் வீம்புதான். தள்ளுகதவு வழியாக அவரை இரண்டு முறை உட்காரவைக்கப் பார்த்தேன். அப்பா அலறிய பிறகே விட்டேன். அதில் பத்து நிமிடம் போயிற்று. அதற்குள் தெருவே கூடிவிட்டது. மெத்தையோடு தூக்கிப் பின்தட்டில் வைத்து, நான்கு பேர் மூலைக்கொருவராகத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தார்கள். அம்மா தலைமாட்டில் ஏறிக்கொண்டாள். எனக்கு இடமில்லை. வேனில் தன்னந்தனியாகப் பின்தொடர்ந்தேன்.

ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்கு. சாலையில் ஈ காக்கை இல்லை. தம்பி நிற்காமல் போய்விட்டான். என் கால், ஒன்பது வருட கனடாப் பழக்கத்தில், பிரேக்கை மிதித்துவிட்டது. பச்சை விழுந்தபோது பிக்கப்பைக் காணோம். எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியாது; தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததை எனக்கென்று தனியாகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு ஆஸ்பத்திரிகளில் நுழைந்து தேடினேன். அப்பா போய்விட்டாரோ, அந்தப் பத்து நிமிடம்தான் காரணமோ என்று நினைத்தபடியே ஓட்டினேன். கடைசியில் வேலப்பன்சாவடி பக்கம் ஒரு நர்சிங் ஹோம் வாசலில் பிக்கப் நின்றிருந்தது.

உள்ளே ஓடியவனை வாட்ச்மேன் மறித்தார். ஆபரேஷன் நடக்கிறது, கூட இரண்டு பேருக்குத்தான் அனுமதி என்றார். நான் பேஷண்டின் மகன் என்றேன்.

"மகன் உள்ள கீறாரே. நீங்க யாரு சார்?"

அப்பா பிழைத்துக்கொண்டார் என்று தம்பி வந்து சொல்ல மூன்று மணி நேரம் ஆயிற்று. சொல்லிவிட்டு அவன் உள்ளே ஓடினான். என் வேனில் போய் உட்கார மனம் ஒப்பவில்லை. பிக்கப்பில் ஏறி, தொப்பலாக நனைந்திருந்த அப்பாவின் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். தார்ப்பாய் பிடித்து வந்தவர்களில் ஒருவன், சின்ன வயதிலிருந்து என்னை மச்சான் என்றே கூப்பிட்டவன், ஒரு கிளாஸ் டீயை என் கையில் கொடுத்தான்.

"நனையாதீங்க சார். உங்க வண்டில போயி குந்துங்க."